மகன் மேல் மனு: கன்பூசியஸ் முதல் ஓசூர் சப்-கலெக்டர் ஆபீஸ் வரை



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். "சார், இங்கே வயசான அப்பா அம்மா, தங்களைக் கவனிக்காத பிள்ளை மேல் கேஸ் போடலாமாம். இது கன்பூசியஸ் வழி வந்த சட்டம் என்று கூட வேலை செய்யும் சீனர் சொல்கிறார். உண்மையா?" அதற்குக் கீழே ஆளுக்கொரு கருத்து எழுதிவிட்டார்கள். ஒருவர், "நம்ம நாட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் வரணும்" என்றார். வந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, தம்பி. 2007-லேயே வந்துவிட்டது. நம் ஜவளகிரிக்காரர்கள் மனு கொடுக்க வேண்டிய இடம் ஓசூர் சப்-கலெக்டர் ஆபீஸ்.

குழுவில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே நீளமாக எழுதுகிறேன். டீக்கடையில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் நமக்குத் தெரிந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். மனுநீதிச் சோழன் கதையை என்னிடம் படித்த எல்லோரும் ஒப்பித்திருப்பீர்கள். திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கிச் செத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். பெரியபுராணம் சொல்லும் கதை. நமக்கு நீதி என்றால் இன்றைக்கும் இதுதான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. கலெக்டர் ஊருக்கு வந்து மனு வாங்கும் நாளுக்குக்கூட மனுநீதி நாள் என்றுதானே பெயர்.

இப்போது சீனாவில் சொல்லப்படும் கதையைக் கேளுங்கள். கன்பூசியஸ் கி.மு. 551-இல் பிறந்து 479-இல் இறந்தவர். லூ என்ற சிறு நாட்டுக்காரர். அடிப்படையில் நம்மைப் போல வாத்தியார். அவர் பேசியதை மாணவர்கள் தொகுத்து வைத்தார்கள். அதில் ஒரு சம்பவம் வருகிறது. ஷெ என்ற பகுதியை ஆண்ட ஒரு பிரபு அவரிடம் பெருமையாகச் சொன்னாராம்: எங்கள் ஊரில் ஒருவன் இருக்கிறான், அவ்வளவு நேர்மையானவன், அவனுடைய அப்பா ஆடு திருடினார் என்று அவனே வந்து சாட்சி சொன்னான். கன்பூசியஸ் இதை மெச்சவில்லை. எங்கள் ஊரில் நேர்மைக்கு வேறு அர்த்தம் உண்டு, அப்பன் தவறைப் பிள்ளை மறைப்பான், பிள்ளை தவறை அப்பன் மறைப்பான், நேர்மை அதற்குள்தான் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார்.

நம் சோழனுக்கு நேர் எதிர்! ஆனால் அவசரப்பட்டுத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்டது வேறு. சொந்த அப்பனையே காட்டிக்கொடுக்கப் பழகிய ஒருவனிடம் ஊர் எதை நம்பி ஒப்படைக்கும்? குடும்பத்துக்குள் கற்றுக்கொள்ளும் பாசமும் மரியாதையும்தான் நாளைக்கு ஊருக்கும் நாட்டுக்கும் உண்மையாக இருக்கக் கற்றுத் தருகிறது. அந்த வேரை வெட்டிவிட்டு மேலே நேர்மையை வளர்க்க முடியாது என்பது அவர் கட்சி. தண்டனையைக் காட்டி ஆண்டால் ஜனங்கள் தப்பித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள், வெட்கம் என்ற ஒன்று மனதில் வளராது என்றும் அவர் நினைத்தார். வழக்கை நன்றாக விசாரிப்பதைவிட வழக்கே வராமல் செய்வதுதான் தமக்கு முக்கியம் என்பார்.

அவர் உயிரோடு இருந்தவரை எந்த அரசனும் இதைச் சட்டமாக்கவில்லை. அவருக்கு ஒரு நூறு வருஷத்துக்குப் பின் சின் நாட்டில் ஷாங் யாங் என்ற மந்திரி இதற்கு நேர் எதிராகச் சட்டம் போட்டார். குடும்பங்களை ஐந்து ஐந்தாக, பத்துப் பத்தாகக் கட்டி, ஒருவர் குற்றத்தை மற்றவர் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். காட்டிக்கொடுத்தால் பரிசு, மறைத்தால் கடும் தண்டனை. வயது வந்த இரண்டு மகன்கள் தனிக்குடித்தனம் போகாமல் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு இரட்டை வரி! கூட்டுக் குடும்பத்தைச் சட்டம் போட்டே உடைத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். (இன்னொன்று. பட்டத்து இளவரசன் சட்டத்தை மீறியபோது அவனைத் தண்டிக்க முடியாது என்று அவனுடைய ஆசிரியரின் முகத்தில் பச்சை குத்தினார்கள். மாணவன் செய்ததற்கு வாத்தியாருக்குத் தண்டனை. உங்களில் சிலருடைய முகம் இப்போது எனக்கு நினைவுக்கு வருகிறது.)

சின் ஆட்சி கி.மு. 206-இல் விழுந்தது. அடுத்து வந்த ஹான் அரசர்கள் கன்பூசியஸின் வழியைக் கையில் எடுத்தார்கள். அங்கேதான் நம் கதை உண்மையில் தொடங்குகிறது. ஒழுக்கமாகச் சொல்லிக்கொடுத்தது மெல்ல மெல்லச் சட்டப் பிரிவாக மாறியது. கி.மு. 66-இல் ஒரு அரச ஆணை: அப்பா அம்மாவைப் பிள்ளை மறைத்தாலும், கணவனை மனைவி மறைத்தாலும், தாத்தா பாட்டியைப் பேரன் மறைத்தாலும் குற்றம் இல்லை. ஆட்டுத் திருட்டுக் கதை சட்டமாகிவிட்டது. ஆனால் பெரியவர் சிறியவரை மறைத்தால்? அது மரண தண்டனைக் குற்றமாக இருந்தால் அரசரின் முடிவுக்குப் போக வேண்டும். கன்பூசியஸ் அப்பன் பிள்ளையை மறைப்பதையும் பிள்ளை அப்பனை மறைப்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நம்மிடம் இது எப்படி என்று கேட்பீர்கள். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 212-வது பிரிவில், குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். கணவனை மனைவியோ மனைவியைக் கணவனோ ஒளித்தால் மட்டும் விலக்கு உண்டு. மகனை ஒளிக்கும் தாய்க்கு விலக்கு இல்லை. அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியேதான். சீனாவிலோ 2012-இல் திருத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகளைச் சாட்சிக் கூண்டுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கும் நாட்டில் அந்தப் பழைய ஆட்டுக்கதையின் சாயல் இன்னும் இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கி.பி. 653-இல் தாங் அரச மரபு வெளியிட்ட சட்டத் தொகுப்பு. 502 பிரிவுகள். கொரியா, ஜப்பான், வியத்நாம் எல்லாம் இதைப் பார்த்துத்தான் தங்கள் சட்டங்களை எழுதின. மன்னிக்கக் கூடாத பத்துக் கொடுங்குற்றங்களில் ஒன்று பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போது பிள்ளை சொத்தைப் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனால் மூன்று வருஷம் கட்டாய உழைப்புத் தண்டனை. (ஷாங் யாங் காலத்தில் பிரியாவிட்டால் வரி. தாங் காலத்தில் பிரிந்தால் சிறை. சட்டத்தின் கையில் குடும்பம் படும் பாட்டைப் பாருங்கள்.) பெற்றோரை அடித்தால் தலை போகும். அவர்கள் மேல் அதிகாரியிடம் புகார் கொடுத்தால், ராஜத்துரோகம் போன்ற சிலவற்றைத் தவிர, புகார் உண்மையாகவே இருந்தாலும், கழுத்தை நெரித்து மரண தண்டனை.

இதே தொகுப்பில் இன்னொரு பிரிவு இருக்கிறது. பெற்றோருக்குச் சோறு துணி கொடுக்காமல் குறை வைத்தால் இரண்டு வருஷம். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, பெற்றோரே வந்து புகார் கொடுக்க வேண்டும், ஊரார் கொடுக்க முடியாது. இரண்டு, பிள்ளைக்குக் கொடுக்கும் வசதி இருந்தும் கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். வீட்டில் உண்மையாகவே வறுமை என்றால் குற்றம் இல்லை என்று அந்தச் சட்டத்தின் உரையே சொல்கிறது. நம்முடைய 2007 சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கவனிக்க மறுக்கும் பிள்ளை மேல் பெற்றோரே மனு கொடுக்கலாம் என்று அதிலும் வருகிறது. ஏறக்குறைய 1350 வருஷ இடைவெளி. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது என்று நான் சொல்லவில்லை. ஒரே பிரச்சினைக்கு மனுஷன் தேடிய வழி ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளை பக்கம் இவ்வளவு எழுதிய சட்டம் அப்பன் பக்கம் என்ன எழுதியது தெரியுமா? சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையைத் தகப்பன் அடித்துக் கொன்றுவிட்டால் ஒன்றரை வருஷம். ஆயுதத்தால் கொன்றால் இரண்டு வருஷம். சோறு போடாத மகனுக்கும், மகனை வெட்டிக் கொன்ற அப்பனுக்கும் ஒரே தண்டனை!

கன்பூசியஸ் இதைக் கேட்டவர் இல்லை. நல்ல ஆட்சி எது என்று ஓர் அரசன் அவரைக் கேட்டபோது, அரசன் அரசனாக நடக்க வேண்டும், மந்திரி மந்திரியாக, அப்பன் அப்பனாக, பிள்ளை பிள்ளையாக நடக்க வேண்டும் என்றுதான் பொருள்படச் சொன்னார். அப்பனாக நடப்பது என்றால் பெற்றுப் போட்டதோடு முடிவதில்லை. அரசர்கள் அந்தப் பேச்சின் பாதியை எடுத்துச் சட்டமாக எழுதிக்கொண்டார்கள். மறுபாதியைப் பள்ளிக்கூடத்துப் பாடமாக விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் கன்பூசியஸ் பெயரில் நடந்த அநியாயங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறந்தது.

இதன் மிச்சம் நம் காலம் வரை நீண்டது. ஜப்பானில் பெற்றோரைக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைதான், அதற்குக் குறைவாக விதிக்கவே முடியாது என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. சொந்தத் தகப்பனாலேயே பல வருஷம் சீரழிக்கப்பட்ட ஒரு பெண், கடைசியில் அவனைக் கொன்றுவிட்டாள். 1973 ஏப்ரல் 4-ஆம் தேதி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி, அவளுக்குக் குறைந்த தண்டனை விதித்து, அதையும் நிறுத்தி வைத்தது. சட்டப் புத்தகத்திலிருந்து பிரிவை எடுக்க 1995 ஆனது. தென் கொரியாவில் பெற்ற தாய் தகப்பன் மேல் பிள்ளை கிரிமினல் புகார் கொடுக்கக் கூடாது என்ற விதியை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2011-இல்கூட செல்லும் என்றுதான் சொன்னது.

இனி தம்பி கேட்ட சிங்கப்பூர்.

நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வாழும் ஊர் அது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. 1980-களில் அந்த அரசுக்கு ஒரு கவலை. எல்லோரும் ஆங்கிலம் படிக்கிறார்கள், மேல்நாட்டுப் பழக்கம் வருகிறது, குடும்பம் கரைகிறது என்று. 1984 முதல் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஏதாவது ஒரு சமய அறிவுப் பாடம் கட்டாயம் என்றார்கள். பைபிள், பௌத்தம், இஸ்லாம், இந்து சமயம், சீக்கியம் ஆகியவற்றோடு கன்பூசிய ஒழுக்கம் என்றும் ஒரு பாடம். வெளிநாட்டிலிருந்து பேராசிரியர்களைத் தருவித்துப் பாடத்திட்டம் எழுதினார்கள். என்ன ஆயிற்று? கன்பூசியப் பாடத்தைவிட பௌத்தப் பாடத்தைத்தான் அதிகம் பேர் எடுத்தார்கள். சில வருஷத்தில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அரசாங்கம் மேலிருந்து இறக்கும் ஒழுக்கப் பாடத்தை வகுப்பில் நடத்திப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு 1991 ஜனவரியில் 'பகிரப்பட்ட விழுமியங்கள்' என்று ஐந்து கொள்கைகளை வெள்ளை அறிக்கையாக வெளியிட்டார்கள். இனத்துக்கு முன் நாடு, தனி மனிதனுக்கு மேல் சமூகம். குடும்பம் சமூகத்தின் அடிப்படை. தனி மனிதனுக்குச் சமூகத்தின் ஆதரவு. மோதல் இல்லாமல் பேசி முடித்தல். இன, சமய நல்லிணக்கம். சீனர் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில் இதைப் படித்த தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? கன்பூசியஸை வேறு பெயரில் எங்கள் தலையில் கட்டுகிறார்களா என்று. அப்படி இல்லை என்று அந்த அறிக்கையிலேயே விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

சட்டம் வந்தது இதற்கு அடுத்துத்தான். வால்டர் வூன் என்ற சட்டப் பேராசிரியர், நியமன நாடாளுமன்ற உறுப்பினர், பெற்றோர் பராமரிப்பு மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். பாசத்தைச் சட்டம் போட்டு வரவழைப்பதா என்று எதிர்ப்பும் இருந்தது. 1995 நவம்பரில் நிறைவேறி, 1996 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. 60 வயதைத் தாண்டி, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத தாயோ தகப்பனோ தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பிள்ளையிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் ஒரே சட்டம். வழக்காக விசாரிக்கும் முன் உட்கார வைத்துப் பேசிச் சமரசம் செய்யப் பார்ப்பார்கள். ஆக, தம்பி, உங்கள் சீன நண்பர் சொன்னது பாதி சரி. அந்த எண்ணத்தின் வேர் அங்கேதான். ஆனால் சட்டத்தின் உருவம் இங்கிலாந்து வழி வந்தது.

எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்தது இன்னொரு பிரிவு. பிள்ளை சிறுவயதில் இருந்தபோது அவனைக் கைவிட்டுப் போன, கொடுமைப்படுத்திய, கவனிக்காமல் விட்ட தகப்பன் அல்லது தாய் வந்து கேட்டால், தீர்ப்பாயம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்யலாம், தொகையைக் குறைக்கலாம். 2023-இல் இதை இன்னும் இறுக்கினார்கள். பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதாகவோ கைவிட்டதாகவோ பதிவு உள்ள பெற்றோர், மனு போடுவதற்கே முதலில் தீர்ப்பாயத்தின் அனுமதி வாங்க வேண்டும். தாங் சட்டம் விட்டுப்போட்ட அந்த மறுபாதியை, அப்பன் அப்பனாக இருந்தானா என்ற கேள்வியை, பதிமூன்று நூற்றாண்டுக்குப் பிறகு சிங்கப்பூர் சட்டம் கேட்கிறது.

சீனாவிலும் 2013 ஜூலை 1 முதல், பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டம். அன்றைக்கே வூஷி நகர நீதிமன்றம், 77 வயது தாயை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார் என்று மகளுக்கு உத்தரவிட்டது. உத்தரவு வாங்கி வரும் மகளுக்குத் தாய் என்ன முகத்தோடு காபி போட்டுக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம் வீட்டு விஷயம்.

நம் நாட்டில் பெற்றோரைக் காப்பது சட்டக் கடமை ஆனது புதிது இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவிலேயே மகன், மகள் இருவருக்கும் அந்தக் கடமை உண்டு. 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக வந்தது. கல்யாணம் ஆகிப் போன மகளுக்கும் கடமை உண்டு என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்கெல்லாம் கோர்ட், வக்கீல், வாய்தா. களி தின்றுகொண்டு கொல்லையில் காவல் படுக்கும் கிழவர் எத்தனை வாய்தாவுக்குத் தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறுவார்?

அதனால்தான் 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2009-இல் விதிகள் போட்டார்கள். கோர்ட்டுக்குப் பதில் தீர்ப்பாயம். நம் பகுதிக்கு ஓசூர் சப்-கலெக்டர்தான் அதன் தலைவர். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். அதில் திருப்தி இல்லாத பெற்றோர் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பாயம் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேசவும் வைக்கலாம். வழக்கே வராமல் செய்ய நினைத்த பழைய வாத்தியாருக்கு இது பிடித்திருக்கும்.

பராமரிப்புத் தொகையைவிட நம் ஊருக்கு வேண்டியது 23-வது பிரிவு. ஏன் என்று உங்களுக்கே தெரியும். 1970-களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன. உங்களில் பாதிப் பேருக்குச் சம்பளம் அங்கிருந்துதான். அதோடு நிலத்தின் விலையும் ஏறியது. யானை இறங்கி ராகியைத் தின்றுவிட்டுப் போகும் கொல்லையை ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளைகள், பெங்களூர் புரோக்கர் கார் வந்து நின்றதும் அப்பாவைச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப் போகிறார்கள். தான செட்டில்மென்ட். கைரேகை. அடுத்து பட்டா மாறுதல். அதற்கு அடுத்து பிளாட். அப்பா இந்த வீட்டில் ஒரு மாதம், அந்த வீட்டில் ஒரு மாதம். இது யாரோ ஒருவர் கதை இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது இந்தப் பேச்சு காதில் விழுகிறது.

23-வது பிரிவு சொல்வது இது: என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கினவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். இதில் கவனிக்க வேண்டிய சொல் நிபந்தனை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்றது. 2025 ஜனவரி 2-ஆம் தேதி இன்னொரு வழக்கில், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. கடைசிவரை கவனித்துக்கொள்கிறேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த காகிதமும் அங்கே கணக்கில் வந்தது. சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாக, தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. வாய்ப்பேச்சை நம்பி எழுதிக் கொடுத்தவருக்கும், ஒரு வரி எழுதி வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு தீர்ப்பிலும் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது சில பெரியவர்களுக்குப் பிடிக்காது. சிங்கப்பூர் சட்டத்தில் இருக்கும் அந்த மறுபாதி நம் 2007 சட்டத்தில் இல்லை. பெற்ற கடனுக்குப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. வளர்க்காத கடனுக்கு அப்பன் பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. என் வகுப்பில் மதியச் சோற்றுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு. குடித்துவிட்டு, வேறு குடும்பம் வைத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்விட்ட தகப்பன்மார்களின் பிள்ளைகள். அம்மா கல் உடைத்து, செங்கல் சூளையில் நின்று வளர்த்தாள். அந்தப் பையன் இன்று ஷிப்டு முடிந்து வருகிறான். அறுபத்தைந்து வயதில் அந்தத் தகப்பன் திரும்பி வந்து மனு கொடுத்தால், பையனின் கதையைக் கேட்க சப்-கலெக்டருக்கு மனம் இருக்கலாம். சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இல்லை. அது வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கிழவர் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அரசு முதியோர் உதவித்தொகை கொடுக்கட்டும், முதியோர் இல்லம் வைக்கட்டும். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவுக்கு, அமைக்கலாம் என்று இதே சட்டத்தின் 19-வது பிரிவு சொல்லியிருக்கிறதே.

மருமகள் கதையும் இருக்கிறது. மகனும் மருமகளும் பிரிந்தால், வீடு எங்கள் பெயரில் இருக்கிறது என்று மாமனார் மாமியார் மூத்த குடிமக்கள் சட்டத்தில் மனு போட்டு மருமகளை வெளியேற்றுவது நடக்கிறது. பக்கத்துப் பெங்களூரிலேயே அப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்பு: குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கும் குடியிருக்கும் உரிமையை, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டிப் பறிக்க முடியாது. படித்தபோது தாங் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. மனைவியை விலக்க ஏழு காரணங்களை அந்தச் சட்டம் அடுக்குகிறது. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்யாததும் அதில் ஒன்று. ஆனால் மூன்று நிலையில் விலக்கவே கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. மாமனார் மாமியாருக்குத் துக்கம் காத்தவள், ஏழையாக இருந்தபோது வந்து கணவன் செழிக்கும்வரை கூட நின்றவள், திரும்பிப் போகத் தாய்வீடு இல்லாதவள். அவ்வளவு கடுமையான சட்டத்துக்குக்கூட அந்த மூன்றாவது பெண் கண்ணில் பட்டிருக்கிறாள்.

சரி, தம்பி கேட்டதற்குப் பதில் ஆகிவிட்டது. சில பேர் தனியாகக் கேட்பீர்கள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மனு எப்படிப் போடுவது என்று தெரியாத பெரியவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மனுவைப் பெரியவரே நேரில் கொடுக்க முடியாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். வீட்டில் செட்டில்மென்ட் எழுதும் பேச்சு வந்தால், சாப்பாடு, மருந்து, இருக்க இடம் கொடுத்துக் கவனிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை. பத்திரம் தமிழில் இருக்கும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு வீட்டில் பேசுவது தெலுங்கும் கன்னடமும்தான், கைநாட்டு வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவுக்கு முன்னால் பத்திரத்தை ஒருவர் படித்து, அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது அந்த வேலையைச் செய்யுங்கள்.